பாவாயியின் திருகாணி

ஜூலை 8, திங்கள்

காலையிலேயே ஒரு பத்துச் சக்கர லாரி வந்து நின்றது. பின் அச்சில் யூ போல்ட் நான்கும் துருவேறிக் கல்லாகக் கிடந்தன. ஏற்கெனவே எவனோ ஸ்பேனரில் பைப்பைச் செருகித் தொங்கி, நட்டின் முனைகளை மழுக்கி வைத்திருக்கிறான். கையில் ஸ்பேனர் வைத்திருப்பவன் எல்லாம் இந்த ஊரில் மெக்கானிக்.

"கழட்டோணும்னா மொதல்ல இறுக்கோணும்" என்றேன். டிரைவர் என்னை மரை கழன்றவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். டீசலில் கொஞ்சம் பிரேக் ஆயில் கலந்து ஊற்றி மத்தியானம் வரை ஊறவிட்டேன். பிறகு நட்டின் எல்லாப் பக்கமும் சுத்தியால் தட்டிக்கொடுத்து, இறுக்குகிற பக்கமாக ஒரு மயிரிழை திருப்பினேன். உள்ளே துரு உடைகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அது என் பேச்சைக் கேட்டது. இறுகிப்போன நட்டு என்றால் சென்னியப்பன் பட்டறைக்குக் கொண்டுபோ என்று சங்ககிரியில் சும்மாவா சொல்கிறார்கள்?

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரி பாவாயி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காப்பி டம்ளர் கைநழுவி விட்டதாம். இடது கையில் பிடிமானமே இல்லை என்கிறாள். தலைவலியும் விட்டபாடில்லை. கோபியிலிருந்து மகள் சுகந்தி நாளைக்கு வந்து ஈரோட்டுக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறாள். பட்டறையைப் பூட்டிவிட்டு நானும் போகிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

டாக்டரம்மா பாவாயியைக் கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். வலது கை நின்றது. இடது கை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து மடிக்கு வந்துவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்த பாவாயிக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று காந்த ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். அதை வைத்துத்தான் ஆபரேஷனா இல்லையா என்று முடிவு செய்வார்களாம். தள்ளிப்போட வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார்.

ஸ்கேன் அறை வாசலில் வளையல், மெட்டி, தாலிக்கொடி எல்லாம் கழற்றச் சொன்னார்கள். சுகந்தி மஞ்சள் கயிறு வாங்கிவந்து கட்டிவிட்டாள். மூக்குத்தி மட்டும் வரவில்லை. நர்ஸ் திருகிப் பார்த்தது. சுகந்தி திருகிப் பார்த்தாள். "தங்கம் காந்தத்துல ஒட்டாதும்மா" என்று நான் சட்டம் பேசினேன். "மொகத்துல எதுவும் இருக்கக் கூடாதுங்கய்யா. படமே கெட்டுப்போயிரும். கழட்டிட்டு வாங்க, அன்னைக்கே எடுத்துரலாம்" என்றது அந்தப் பெண்.

அது ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். சுகந்தி கல்யாணத்துக்கு முந்தி, மூக்குக்குள் இருக்கிற அந்தத் திருகாணி தானாகக் கழன்று கழன்று விழும். ஒரு தடவை தோசை மாவில் தேடி எடுத்தோம். கடைசியில் பாவாயி பட்டறைக்கே வந்து நின்றாள். "நட்டெல்லாம் ஆடாம இருக்கறதுக்கு ஒரு செவப்புப் பசை போடுவீங்களே, அதுல ஒரு சொட்டு இதுக்கும் போட்டுடுங்" என்றாள். குண்டூசி முனையில் தொட்டு வைத்தேன். அதிர்கிற எஞ்சினில் போல்ட் கழலாமல் இருக்கப் போடுகிற பசை அது. அதன் பிறகு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "எங்கூட்டுக்காரர் வேலை, இனி காடு போற வரைக்கும் கழலாது" என்று மூக்கைத் தொட்டுக்காட்டிச் சிரிப்பாள்.

இன்றைக்குச் சுகந்திக்கு அது சிரிப்பாக இல்லை. "நீங்க போட்டது, நீங்களே கழட்டிக் குடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கழற்றலாம். அந்தப் பசை சூட்டுக்குத்தான் இளகும். இரும்பாக இருந்தால் கேஸைப் பற்றவைத்து ஒரு நிமிஷம் காட்டினால் போதும். இது மூக்கு.

ஜூலை 11, வியாழன்

சாயங்காலம் பாவாயியை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்தேன். தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவிட்டேன். வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூபில் சின்னத் துண்டு வெட்டி விரலில் சுற்றிக்கொண்டேன். மழுங்கிப்போன ஸ்க்ரூவின் தலைமேல் டியூபை வைத்து டிரைவரை அழுத்தினால் பிடி கிடைக்கும் அல்லவா, அதே யோசனைதான். வெளியே கல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே மற்ற கையை விட வேண்டும். என் சுண்டுவிரல் நுனிதான் போனது.

"லாரி கழட்டற கையை வெச்சுட்டு மூக்கக் கழட்ட வந்துட்டாரு" என்று சிரித்தாள். சிரித்ததில் தும்மல் வந்து என் முகமெல்லாம் தெறித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு கொஞ்சம் இறுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. கழற்றுகிற பக்கம் திருப்பினேன். "ஸ்ஸ்... வலிக்குதுங்" என்றாள். விட்டுவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

மூக்கு வீங்கியிருக்கிறது. இன்றைக்குத் தொடவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

நகைக்கடைத் தெருவில் பத்தரிடம் போனோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "பசையா? இத என்னத்தத் திருகறது? மூக்குத்தித் தண்ட நறுக்குன்னு ஒரு வெட்டு வெட்டிட்டு, அப்பறம் பொடி வெச்சு ஊதி ஒட்டிக்கலாம்" என்றார்.

பாவாயி எழுந்தே விட்டாள். "அறுக்கறதா? எம் புருசன் கல்லாட்டம் பக்கத்துல உக்காந்திருக்கறப்பவா?"

எங்கள் பக்கம் புருஷன் போன அன்றைக்குத்தான் தாலியை அறுப்பார்கள், மூக்குத்தியை எடுப்பார்கள். அந்த வார்த்தை அவள் காதில் விழக் கூடாது. பத்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "திருகித்தான் எடுக்கோணும். எடுத்தா இவரு எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

வண்டியில் திரும்பும்போது பின்னாலிருந்து அவளுடைய அக்காளைப் பற்றிப் பேசினாள். "எங்கக்காளுக்கும் மண்டையத்தான் தொறந்தாங்க. அப்பறம் எந்திரிக்கவே இல்ல. என்னைப் பாத்து நீ ஆருன்னு கேட்டா. பீ மூத்தரம் எல்லாம் நாந்தான் அள்ளுனன். அப்படிக் கெடக்கறதுக்கு..." என்றாள். மீதி காற்றில் சரியாகக் கேட்கவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எதற்கு என்கிறாள்.

சுகந்தி போனில் கத்தினாள். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு என்னப்பா ஆடி?" என்றாள். நட்டு இன்னும் வரவில்லை, வந்தால் மறுநாளே கிளம்பிவிடலாம் என்று சொன்னேன். பொய் இல்லை.

இன்று சைலன்சர் பக்கம் ஒரு ஸ்டட், தலையில்லாத போல்ட், முறிகிற மாதிரி பயம் காட்டியது. சுற்றிலும் சூடுகாட்டி, சூடு ஆறுவதற்குள் மெழுகுவர்த்தியை மரையின் ஓரம் வைத்தேன். மெழுகு உருகித் தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு இரண்டு நட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு இறுக்கி, அடி நட்டைத் திருப்பி ஸ்டட்டை முழுசாக வெளியே எடுத்தேன். டிரைவர் கைதட்டினான். இரும்பு கெட்டது என்பார்கள், அதைப்போல நல்லது கிடையாது. என்ன செய்தாலும் வலிக்கிறது என்று சொல்லாது.

பாவாயி தலைவலிக்குக் கொதிக்கிற தண்ணீரில் நொச்சி இலை போட்டு வேது பிடிக்கிறாள். போர்வைக்குள் ரொம்ப நேரம் இருந்தாள். நல்லது, பிடி என்றேன்.

ஜூலை 20, சனி

பட்டறையிலிருந்து வந்தவனைக் கை கழுவியதும் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். ரசம் வைக்கச் சொல்லித்தருகிறாளாம். எனக்கு எதற்கு இதெல்லாம் என்றேன். "என்ற கையில டம்ளரே நிக்க மாட்டீங்குது. ஒரு நாளைக்கு நீங்க வெச்சாத் தேயவா போறீங்க?" என்றாள். சரி என்று நின்றேன். புளியை எவ்வளவு கரைப்பது, எப்போது இறக்குவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கொதிக்க விட்டுவிட்டேன். "பொங்கி நொரை கட்டறப்ப எறக்கோணும், கொதிச்சாப் போச்சு. இந்தா, மறுக்கா வெய்ங்" என்று அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடியும் வைக்கவைத்தாள். கடுகு எங்கே, பெருங்காயம் எங்கே, கேஸ் தீர்ந்தால் யாருக்குப் போன் செய்வது என்றெல்லாம் சொன்னாள். கையில் பலம் இல்லாதவளுக்கு வாயில் குறைவில்லை.

ரசம் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 24, புதன்

இன்றைக்கு மறுபடியும் மூக்குத்தியைப் பார்த்தேன். வீக்கம் வற்றிவிட்டது. டியூப் துண்டை வைத்துப் பிடித்தேன். ஒரு நட்டு கொடுக்கப்போகிறது என்றால் கைக்கு முன்கூட்டியே தெரியும். அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. இன்றைக்கு அந்த மாதிரி ஒன்று விரல் நுனியில் பட்டது. பட்டதா, பிரமையா தெரியவில்லை. அதே நேரம் "ஐயோ, வலிக்குதுங்!" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இடது கையால்தான் பிடித்தாள். ஆனாலும் இறுக்கமாகப் பிடித்தாள்.

இளகுகிற நட்டைப் பாதியில் விடக் கூடாது என்று நான் ஊருக்கெல்லாம் சொல்வேன். விட்டால் மறுபடியும் கடித்துக்கொள்ளும்.

விட்டுவிட்டேன். வலிக்கிறது என்கிறாளே.

ஜூலை 29, திங்கள்

சுகந்தி வந்திருந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "கெளம்புங்கம்மா. ஆஸ்பத்திரியிலயே வெட்டி எடுக்கச் சொல்லிடலாம்."

"வெட்டறதுன்னு சொல்லாத சாமி."

"அப்பறம் என்னதான்ம்மா பண்றது? நடக்கறப்ப கால் இழுக்குது, நான் பாக்கலைன்னு நெனச்சீங்களா?"

"ஆடிப்பெருக்கு முடியட்டும். கூடுதுறைக்குப் போயி ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடறன். அதுக்குள்ள உங்கப்பா எப்படியும் கழட்டிடுவாரு" என்றாள் பாவாயி. என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

சுகந்தி என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்னா அம்மா கேக்கும்ப்பா. சொல்லுங்ப்பா."

நான் ஆணிப்பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். "நோம்பி முடியட்டும் சாமி" என்றேன். சுகந்தி பையை எடுத்துக்கொண்டாள். சாப்பிடாமல் போய்விட்டாள். அவளுக்காகச் செய்த கச்சாயம் அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி

பவானி கூடுதுறை. எள் போட இடம் இல்லை. தண்ணீர் படியேறி ஓடியது. பாவாயி என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கடைசிப் படியில் உட்காரவைத்து, சொம்பில் மொண்டு நான்தான் தலையில் ஊற்றினேன். பத்து வருஷமாகக் கூடுதுறைக்கு வா வா என்று கூப்பிட்டாள், வண்டி நிற்கிறது வண்டி நிற்கிறது என்று நான் வந்ததில்லை. இன்றைக்குப் பட்டறை பூட்டித்தான் கிடந்தது, ஒரு வண்டியும் ஓடாமல் நின்றுவிடவில்லை.

புதுச்சேலை கட்டிக்கொண்டு, காப்பரிசியைத் தின்றுகொண்டே, எங்கள் கல்யாணத்துக்குச் சமையல்காரன் வராமல் போன கதையை முதலிலிருந்து சொன்னாள். எனக்குத் தெரிந்த கதைதான். இப்படி அவள் பேசி ரொம்ப நாள் ஆயிற்று. வெயில் பட்டு மூக்குத்தி மினுங்கியது. வீங்கி வதங்கிக் கிடந்த முகம் இன்றைக்குப் பழைய முகமாக இருந்தது. நாளைக்குக் கழற்றிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

திரும்பும்போது, "வண்டிய மெதுவாப் போடுங். ஊடு எங்கியும் ஓடிப்போயிடாது" என்றாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பக்கத்து வீட்டுக்காரர் பட்டறைக்கு ஓடிவந்தார். போய்ப் பார்த்தால் கிணற்றடியில் விழுந்து கிடந்தாள். கையும் காலும் வெட்டிவெட்டி இழுத்தன. வாயில் நுரை. ஆம்புலன்ஸில் ஈரோட்டுக்குக் கொண்டுவந்தோம். பேச்சு இல்லை. அவசரத்துக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், மண்டைக்குள் கட்டி பெரிதாகி உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதாம். இனிமேல் யோசிக்க நேரமில்லை, உடனே திறக்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டார்கள். அக்காள் கிடந்த மாதிரி கிடக்கமாட்டேன் என்றாளே என்று பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். சுகந்தி என் கையைப் பிடித்துப் போடவைத்தாள்.

ஆகஸ்ட் 7, புதன்

ஆபரேஷன் முடிந்தது. உள்ளே இருக்கிறாள். கண் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

சுகந்தி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். ஒரு நர்ஸ் வந்து சின்ன பிளாஸ்டிக் கவரை என் கையில் கொடுத்தது. மூக்குத்தியும் திருகாணியும் தனித்தனியாக உள்ளே கிடந்தன.

"ஆபரேஷனுக்கு முந்தி, வெட்டித்தான் எடுக்கோணும்னு உங்க பொண்ணு சொன்னாங்கய்யா. நான் எதுக்கும் திருகிப் பாத்தன். தொட்டதுமே வந்துருச்சுங்க."

"எந்தப் பக்கம் திருகுனீங்?" என்று கேட்டேன். வாயில் அதுதான் வந்தது. அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போய்விட்டது.

ஜன்னல் ஓரம் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். மரையைப் பார்த்தால் அது எத்தனை தடவை கழன்றது, யார் கழற்றினார்கள் என்று எனக்குத் தெரியும். என் பிழைப்பே அதுதான். பசை கொஞ்சம்கூட இல்லை. மரைப் பல்லெல்லாம் சுத்தமாகச் சுரண்டித் துடைத்திருந்தது. துடைத்துவிட்டு, தானாகக் கழன்று விழாமல் இருக்க, தண்டில் வெள்ளைத் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றி மேலே திருகாணியைப் போட்டிருக்கிறாள். தண்ணீர்க் குழாயில் ஒழுகாமல் இருக்க நான் நூல் சுற்றுவேன், பக்கத்தில் நின்று டார்ச் அடித்தவள்தானே. வலது கையை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிச் சுற்றினாளோ. பல்லால் கடித்துச் சுற்றியிருப்பாள். குண்டூசி முனையளவு பழைய பசை, வேது பிடித்த சூட்டிலேயே அது இளகியிருக்க வேண்டும். என்றைக்கு என்று தெரியாது.

முதலில் எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. எழுந்து போய் அந்தக் கண்ணாடிக் கதவைத் தட்டி, ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்க வேண்டும்போல வந்தது. என்னிடம் சொல்லியிருக்கலாமே. பயமாக இருக்கிறது, போகவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். வண்டியில் வரும்போது அவள் சொல்லத்தான் செய்தாள். கடைசியாகத் திருகிப் பார்த்த அன்றைக்கு என் விரலுக்கும் தெரிந்தது. இன்னும் ஒரு திருப்புத் திருப்பியிருந்தால் வந்திருக்கும். வந்திருந்தால் மறுநாள் ஸ்கேனுக்குப் போக வேண்டும். எனக்கும் அது வராமல் இருந்தால் தேவலை என்றுதான் இருந்தது.

சுகந்தி படியேறி வருகிற சத்தம் கேட்டு, நூலைப் பிரித்து எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

விடிகிற நேரத்தில் பாவாயி போய்விட்டாள். கண் திறக்கவே இல்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நட்டுகள் போட்டுவைத்த டப்பாவைத் தரையில் கொட்டி, அளவு அளவாகப் பிரித்தேன். பிரித்ததை மறுபடியும் கொட்டிவிட்டுப் பிரித்தேன். யார் யாரோ வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். சாப்பிடு என்றார்கள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் நானும் சுகந்தியும்தான். நான் ரசம் வைத்தேன். சுகந்தி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு இருந்தாள். அவள் அம்மா வைக்கிற மாதிரியே இருந்திருக்கும். அது தப்பாகப் போய்விட்டது.

"டாக்டர் சொன்னாங்களேப்பா, ஒரு மாசம் முந்தியே பாத்திருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாம்னு" என்றாள்.

நான் ரசச் சட்டியை மூடிவைத்தேன்.

"ஊருல இருக்கற லாரி நட்டையெல்லாம் கழட்டறீங்க. எவனுக்கும் கழலாததுன்னு உங்ககிட்டத்தான் கொண்டாறாங்க. எங்கம்மா மூக்குல இருந்த அத்துனூண்டு திருகாணி உங்களுக்குக் கழட்ட முடியலயாப்பா? அந்த நர்ஸம்மா தொட்டதும் வந்துச்சாம். எங்கிட்டயே சொன்னாங்க."

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நூலைப் பற்றி, வேதுவைப் பற்றி, வண்டியில் பேசியதைப் பற்றி. சொன்னால் இவள் என்னைக் குற்றம் சொல்வதை விட்டுவிடுவாள். விட்டுவிட்டு, அம்மா நம்மோடு இன்னும் கொஞ்ச நாள் இருக்கப் பார்க்காமல் ஏன் அப்படிச் செய்தாள், எனக்காகக்கூட வைத்தியம் பார்த்துக்கொள்ளவில்லையே என்று ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டே இருப்பாள். அதற்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது. அப்பனுக்குக் கை ஆகவில்லை என்பது அவளுக்குத் தாங்கும். திட்டுவதற்கு எதிரில் ஆள் இருக்கிறது.

"முடியல சாமி" என்றேன். "பசை அப்பிடிப் புடிச்சிருந்துச்சு. எங்கையில ஆகல."

"அந்தப் பொண்ணு கையில மட்டும் எப்படி ஆச்சு?"

"எனக்குத் தெரியல சாமி. நான் தப்பான பக்கம் திருகிட்டு இருந்திருப்பனாட்ட இருக்குது."

நாற்பது வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறவன் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? சுகந்தி நம்பிவிட்டாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுவது கேட்டது. நான் கதவைத் தட்டவில்லை. தட்டையும் சட்டியையும் கழுவிக் கவிழ்த்தேன்.

நாளைக்குக் காலை பஸ்ஸுக்குக் கோபிக்குக் கிளம்புகிறாள். மறுபடி எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை.